தேவா என்னும் தண்ணீர்

1

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்காக இந்தக் கதையை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

கேள்வி கேட்டவள் சபேலா. வரைபட அலுவலகத்துக்காரி. ஒரே கோயிலுக்குட்பட்ட எங்கள் லோரேதா பங்கில் உள்ள வயல், மேடு, ஊற்று, ஓடை, பாறை எல்லாவற்றின் பெயரையும் வீடு வீடாகக் கேட்டு வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. எல்லாம் ஏறிவிட்டன. ஒரே ஒரு இடம் பாக்கி. ஓடை கல்தொட்டியில் விழும் இடம். ஒரு காலத்தில் பங்கே கூடித் துணி துவைத்த இடம். அதன்மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு உள்ளே காலியாக விட்டிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள்.

இன்று வியாழன். ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் இத்தனை வார்த்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரைவை 'நான்' என்றுதான் தொடங்கினேன். ஒரு வரிக்குமேல் நகரவில்லை. அடித்துவிட்டு 'அவன்' என்று போட்டேன். அவன் நடக்கிறான், காபி குடிக்கிறான், பேசுகிறான். ஆகவே அவனே இருக்கட்டும். பெயர் அன்ஷோ. வயது முப்பத்து மூன்று. வேதியியல் படித்தவன். பால் கூட்டுறவின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஓடைக்கு மேலே இருக்கும் ஆலைவீட்டுக்காரன். ஆலை எப்போதோ போய்விட்டது. வீட்டுக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அது வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு உள்ளே காலியாக விடுகிறேன். இப்படி: (      ). காரணம் போகப்போகத் தெரியும்.

2

தொடக்கங்கள்.

"மினோ ஆற்றின் வடகரையில், மூடுபனி இறங்கும் மலைச்சரிவில்..." வேண்டாம். சுற்றுலாத் துறைக்காரர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள்.

"ரோமர்கள் இந்த மலைக்கு வந்தபோது இங்கே என்ன மொழி பேசினார்கள் என்பதில் அறிஞர்களிடையே..." இது அவள் எழுதிய கட்டுரையின் முதல் வரி. திருட்டு.

"அன்று காலை அவள் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பி

(இதற்குமேல் போகவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

மதுக்கடையில் தொடங்கலாம். லோரேதாவில் எதுவும் பல்பினாவின் கடையில்தான் தொடங்கும்.

3

அன்ஷோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. பல்பினா கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கனத்த கை, அதைவிடக் கனத்த குரல். கொல்லன் வீட்டு செல்சோ தன் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கொல்லன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொல்லன் கிடையாது. செல்சோ டிராக்டர் ஓட்டுகிறான்.*

"மழை நிக்குமா?" என்றான் அன்ஷோ.

"நிக்காம எங்க போகப்போகுது?" என்றான் செல்சோ.

"இன்னிக்கு நிக்குமான்னு கேட்டேன்."

"இன்னிக்கு உனக்கு அப்பிடி என்ன அவசரம்?"

பல்பினா காபியை வைத்தாள். கேட்காமலே அதில் திராட்சைச் சாராயம் சில சொட்டு விட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

அவன் காபியைப் பார்த்தான்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு தெறமை வேணும் மகனே. உனக்கு வராது. உங்கப்பனுக்கும் வரல." உருளைக்கிழங்கு போட்ட முட்டையடையில் ஒரு பெரிய துண்டை அவன் முன்னால் தள்ளினாள். பிறகு செல்சோவிடம் திரும்பினாள். "டேய், மழை விட்டா ரெண்டு கம்பளத்தத் துவைக்க (      ) பக்கம் கொண்டுபோகணும். டிராக்டர்ல போட்டுக்கறியா?"

"(      ) பக்கம் ஒரே பாசி. நீ வழுக்கி விழுந்தா உன்னத் தூக்க டிராக்டர் பத்தாது. துறைமுகத்துல கப்பலத் தூக்கற மிஷின் வேணும்."

"உன் மாமியார எறக்கி வெக்கக் கொண்டுவந்தியே, அதையே அனுப்பு."

செல்சோ சிரித்துச் சாராயத்தைச் சிந்தினான். பல்பினா துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே குரலைத் தணித்தாள்.

"சனிக்கிழமை அந்தப் பொண்ணு வரைபடத்தோட வருதாம். நம்ம (      ), ஆண்டவர் அவளுக்கு இளைப்பாற்றி தரட்டும், இருந்திருந்தா வெளியாள் எதுக்கு வரணும்?"

செல்சோ தொப்பியைத் தொட்டான். "இளைப்பாற்றி தரட்டும்."

இதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் ஊரில் இறந்தவர் பெயரைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூடவே இளைப்பாற்றியும் வந்தாக வேண்டும். பூசையில், கடையில், பால் வண்டியில், எங்கே அவள் பெயர் வந்தாலும் பின்னாலேயே அதுவும் வரும். ஒவ்வொரு முறையும் அவளை மறுபடி புதைப்பது போல இருக்கும் அன்ஷோவுக்கு. கம்பளம் துவைக்கப் போகிறவர்கள் வாயில் மட்டும் அந்தப் பெயர் தனியாக வருகிறது. உயிரோடு இருந்தபோது வந்த மாதிரியே.

இரண்டு வருடமாக அவன் இந்தக் கடைக்கு வருவது அதைக் கேட்பதற்குத்தான். முட்டையடைக்கு அல்ல.

* குடும்பப் பெயர் காகிதத்தில் இருக்கும். வாயில் புழங்குவது வீட்டுப் பெயர். தபால்காரரும் அப்படியே.

4

அந்த இடத்துக்கு அவள் பெயர் வந்த கதை.

அவள் வீகோ நகரத்துப் பெண். கடற்கரைப் பேச்சு. இங்கே வந்த புதிதில் "மீன்காரி வந்துட்டா" என்பார்கள். இடப்பெயர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். யாரும் பேசவில்லை. வயல் பெயரை எழுதிக்கொண்டுபோய் வரி போடப்போகிறாள் என்று நினைத்தார்கள். அப்புறம் ஒரு நாள் தொட்டியின் துவைகல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிளாஸ்டிக் உறையில் வரைபடம், காதில் பென்சில், பக்கத்தில் ஒரு டப்பா பிஸ்கட். கம்பளம் அலசவும், முட்டைக்கோஸ் கழுவவும், சும்மாவும் அந்த வழியாக வருகிறவர்களை அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்கட்டை நீட்டினாள். வரைபடத்தில் ஒரு வயலைத் தொட்டு, வேண்டுமென்றே தப்பான பெயரைச் சொன்னாள்.

எங்கள் ஆட்களால் அதைத் தாங்க முடியாது. கேள்விக்குப் பதில் சொல்லாத வாய், தப்பைக் கேட்டால் திறந்துவிடும்.

"யாரு சொன்னா அப்பிடி? அது கீழப்பாடு!"

"இல்ல இல்ல, கீழப்பாடு அதுக்கு அந்தப் பக்கம். இது மூணுமூலை."

"உனக்கு என்ன தெரியும்? உங்க வீட்டு மாடு என்னிக்காவது அங்க மேஞ்சிருக்கா?"

அவள் எழுதிக்கொண்டே இருப்பாள்.

"எங்க போற?" "(      ) கிட்ட, எங்க வயல் பேரச் சொல்லிட்டு வரேன்." அப்படி ஆரம்பித்தது. கேலியாகத்தான். அவள் உயிரோடு இருந்தபோதே துவைதொட்டி என்ற சொல் உதிரத் தொடங்கிவிட்டது. அவள் போனபிறகு திரும்பி வரவில்லை.

(கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் ஐந்தாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் கதை இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே கைகாட்டுவாள். ஊர்ப்பெயரின் வாலில் 'ப்ரே' என்று வந்தால் உடனே அவன் தொடையில் ஒரு அடி. அது 'ப்ரிகா' என்ற சொல்லின் மிச்சம். மேட்டுக்கோட்டை என்று பொருள். கோட்டை இல்லை, கட்டியவர்கள் இல்லை, அவர்கள் மொழி இல்லை. பேருந்து நிறுத்தத்தின் பலகையில் அவர்களுடைய சொல்லின் வால் தொங்குகிறது. அந்த மொழி கெல்ட் மொழியா, அதற்கும் மூத்த வேறொன்றா என்று பல்கலைக்கழகங்களில் சண்டை. ஓயவில்லை. அவளுக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

எல்லாவற்றிலும் மூத்தது தண்ணீரின் பெயர் என்பாள். புதிதாக வந்தவன் ஊரைப் பிடிப்பான், கோட்டைக்குத் தன் ராஜா பெயரை வைப்பான், கோயிலுக்குத் தன் சாமி பெயரை வைப்பான். ஆற்றைக் காட்டி மட்டும் உள்ளூர்க்காரனிடம் கேட்பான், இதற்கு என்ன பெயர் என்று. அவன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுப் போவான். அவனுக்கு அர்த்தம் வேண்டியதில்லை. அர்த்தம் தெரியாததால்தான் பெயர் பிழைத்தது. தெரிந்திருந்தால் தன் மொழியில் மாற்றியிருப்பான்.

"அர்த்தத்த உதுத்துட்டுத்தான் அன்ஷோ ஒரு பேரு இவ்வளவு தூரம் நடந்து வரமுடியும்" என்றாள் ஒருமுறை, பேருந்தில், ஆரஞ்சு உரித்துக்கொண்டே. அப்போது அவனுக்கு அது அழகாக இருந்தது.

5

இனி வருவது சமையலறை. இதை நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் அதிகம் அழகாகிவிட்டாள். இது ஐந்தாவது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது அவளுக்கு அன்று. அதை விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

கீரையும் பன்றிக்கொழுப்பும் போட்ட சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். மழைக்கோட்டிலிருந்து தரையெல்லாம் தண்ணீர்.

"மேலவீட்டு அமாரோ மாமா ஒரு பேர் சொன்னார்!"

"செருப்பக் கழட்டு."

"தொட்டியில விழுற தண்ணிக்கு. பங்குல வேற யாருக்கும் தெரியல. எல்லாரும் துவைதொட்டின்னுதான் சொல்றாங்க. அவர் மட்டும்..." மூக்கை உறிஞ்சினாள். "உக்காரு. உக்காந்துக்கோ. தேவா."

"ஆமா. தேவா" என்றான் அவன், சூப்பைக் கிளறிக்கொண்டே. "அதுக்கென்ன?"

அவள் அப்படியே நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எங்கப்பா சொல்வாரு. தேவாகிட்டப் போகாதே, வழுக்கும்னு. அந்தத் தண்ணி எங்க ஆலைக்கும் மேலவீட்டுக்கும்தான் பாய்ஞ்சுது. மத்தவங்க துணி துவைக்க மட்டும் வருவாங்க."

அவள் வரைபடத்தைச் சுருட்டினாள். சுருட்டி அவன் தோளில் அடித்தாள். முதுகில் அடித்தாள். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி வரைபடத்தால் அடித்தாள்.

"நாலு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம்! நான் கல்லுல உக்காந்து பிஸ்கட் குடுத்துக் கெடக்கேன், நீ அத வாய்க்குள்ளயே வெச்சிருக்க!"

"நீ கேக்கலையே."

"வேல்சுல இதே பேர்ல ஆறு இருக்கு, தெரியுமா? ஸ்காட்லாந்துல இருக்கு. கான்டாப்ரியால இருக்கு. சாமின்னு அர்த்தம்டா. பொம்பளச் சாமி. பெரிய ஆறுன்னா யாராவது எழுதி வெச்சிருப்பாங்க. இத்துனூண்டு ஓடை! ஒருத்தனும் எழுதல. வாயிலயே வந்திருக்கு. ரோமாபுரிக்கு முன்னால இருந்து உங்கப்பன் வாய் வரைக்கும்!"

"எங்கப்பா வாயில அதிகமா வந்தது வேற" என்றான் அன்ஷோ.

அவள் சிரித்தாள். சிரித்து, இருமி, அவன் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள். ஒரு பழைய பெயரை நிரூபிக்க இரண்டு வீட்டின் சாட்சி வேண்டும் என்றாள். அது விதி. மேலவீடு ஒன்று. ஆலைவீடு இரண்டு. ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள்.

"சூப் ஆறிடும்" என்றான் அவன்.

கையை வெளியே எடுத்துவிட்டாள்.

"சரி விடு. ஊர்ல கெழவன் கெழவியெல்லாம் முதல்ல முடிக்கணும். அவங்கதான் அவசரம். உன்ன எப்ப வேணா கேட்டுக்கலாம். நீ எங்க போகப்போற?"

பெயர் சேகரிப்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இது என்று பின்னால் சபேலா சொன்னாள். சொந்த வீட்டைக் கடைசிக்கு வைப்பார்கள்.

அவன் எங்கும் போகவில்லை.

6

(எடுத்துவிட்டேன். மருத்துவமனை.)

7

சனிக்கிழமை. பழைய பள்ளிக்கூடம். பிள்ளைகள் இல்லாததால் மூடிய கட்டிடம். இப்போது கூட்டத்துக்கு மட்டும் திறக்கிறார்கள்.

சபேலாவை முதலில் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். மெல்லிய உதடு, அலுவலகக் குரல். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் உண்மையான சபேலா பூட்ஸில் சேறு இருக்கிறது என்று வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தவள். ஒரு காலுறையில் ஓட்டை. அப்படிப்பட்டவளை என்ன செய்ய முடியும்?

வரைபடத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் பல்பினாவின் மதுப்புட்டிகளை வைத்தார்கள். பல்பினா சூரைமீன் அப்பம் கொண்டுவந்திருந்தாள். அது பாதி தீரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

"இந்த வயலுக்கு என்ன பேரு சொல்றீங்க?" சபேலா ஆரம்பித்தாள்.

"எதுக்குக் கேக்கற பொண்ணே?" என்றான் செல்சோ.

"வரைபடத்துக்கு."

"நாங்கதான் அங்க பொறந்தவங்க. எங்களுக்கு எதுக்கு வரைபடம்?"

"உங்களுக்கு இல்லண்ணே. அப்பறம் வரவங்களுக்கு."

"அப்பறம் யாரு வரப்போறா?"

பல்பினா செல்சோவின் தட்டில் இன்னொரு துண்டு வைத்து அவன் வாயை அடைத்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் சபேலாவின் பென்சில் தொட்டிக்கு வந்தது.

"இது?"

"(      )" என்றார்கள். செல்சோ, பல்பினா, பின்வரிசை, எல்லோரும் ஒன்றாக. அத்தனை குரலில், இளைப்பாற்றி இல்லாமல், ஒரே ஒரு முறை. அன்ஷோ கடைசி பெஞ்சில் இருந்தான். கூரையில் மழை. இன்னொரு முறை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

சபேலா எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அவங்க எங்க அலுவலகத்துக்கு அனுப்பின பதிவையெல்லாம் கேட்டேன்" என்றாள். "ரெண்டு வருஷமா அவங்க குரலைத்தான் கேட்டுட்டிருக்கேன். நேர்ல பாத்ததில்ல. அதுல மேலவீட்டு அமாரோன்னு ஒருத்தர்..."

"இளைப்பாற்றி தரட்டும்" என்றது அறை. அமாரோ போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

"...அவர் இந்தத் தண்ணிக்கு தேவான்னு சொல்றார். இன்னொரு வீடும் அப்பிடிச் சொன்னா, விதிப்படி பழைய பேருக்குத்தான் முதலிடம். இல்லைன்னா நீங்க இப்ப சொல்ற பேரு."

"ரெண்டையும் போட்டுடேன்" என்றான் செல்சோ.

"ஒரு தண்ணிக்கு ஒரு பேருதான் அச்சாகும். மத்தது குறிப்புல போகும். குறிப்ப யாரும் பாக்க மாட்டாங்க."

"மேலவீடு போச்சு. அப்ப அந்தத் தண்ணி பாஞ்ச வீடு..." செல்சோ விரல் விட்டு எண்ணப்போனவன் நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொரு தலையாகக் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது.

"ஏய், அவன எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள் பல்பினா. "பொண்டாட்டி பேர வேணாம்னு அவன் வாயாலயே சொல்லணுமா? எழுதும்மா நீ."

அன்ஷோவுக்குத் தொண்டை வரை ஒரு பெயர் வந்தது. எது வந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எழுந்து நின்று அவன் கேட்டது ஒரு கேள்வி.

"எப்ப அச்சுக்குப் போகுது?"

எங்கள் ஆள்.

8

வெளியே கூரை ஓரத்தில் பல்பினா அவனை நிறுத்தினாள். கையில் காலித் தட்டு.

"உனக்குத் தெரியும்ல, அந்தப் பழைய பேரு?"

"தெரியும்."

"மறந்துடுச்சுன்னு சொல்லிடு. முடிஞ்சுது. யாரு வந்து உன் மண்டையத் தொறந்து பாக்கப்போறா?"

அவன் மழையைப் பார்த்தான்.

"கேளுடா. எங்கம்மா அறுபது வருஷம் அந்தக் கல்லுல துவைச்சா. ஒருத்தன் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. பாதிரி கேட்டதில்ல, எங்கப்பன் கேட்டதில்ல. இவ வந்து உக்காந்து, பாட்டி, தப்பாச் சொல்லிட்டேனான்னு கேட்டா. அன்னிக்குச் சாயங்காலம் எங்கம்மா தலை சீவிக்கிட்டு மறுபடி போனா அந்தக் கல்லுக்கு. எண்பத்தொரு வயசுல. புரியுதா? நாங்க சும்மா வெக்கல அந்தப் பேர."

"அவ இருந்தா எத எழுதியிருப்பா பல்பினா?"

"அவ இருந்தா உன்னக் கேட்டு எழுதியிருப்பா. அந்தக் கல்லுக்கும் அவ பேரு இப்பிடி ஒட்டியிருக்காது. கேலியோட போயிருக்கும்." தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அதனாலதான் சொல்றேன். இது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு. நீ அழிச்சிடாதே."

பல்பினாவையும் கெட்டவளாக எழுத முடியவில்லை. இந்தக் கதையில் எதிர்த்துப் பேச ஆளே இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

9

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவது. அன்ஷோ தொலைபேசியை எடுக்கிறான். "தேவா. எங்கப்பா அப்படித்தான் சொல்வார்" என்கிறான். சபேலா எழுதுகிறாள். வரைபடம் அச்சாகிறது. பல்பினா சில வாரம் அவன் காபியில் சொட்டு விடுவதில்லை. அப்புறம் விடுகிறாள். அவளும் செல்சோவும் இருக்கும்வரை கம்பளம் (      ) பக்கம்தான் போகும். அவர்களுக்குப் பிறகு வருகிறவர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள். அவள் தேடிக் கண்டெடுத்தது நிலைக்கும். அவள் நிலைக்கமாட்டாள். நியாயமான முடிவு. எழுதிவிட்டு எழுந்துபோய் அவள் மழைக்கோட்டை முகர்ந்து பார்த்தேன். இப்போது அதில் பிளாஸ்டிக் வாசனைதான் வருகிறது.

(நான் இல்லை. அவன் முகர்ந்து பார்த்தான்.)

இரண்டாவது. அவன் பேசாமல் இருக்கிறான். (      ) அச்சாகிறது. இருநூறு வருடம் கழித்து, காதில் பென்சில் செருகிய ஒரு பெண் அந்தக் கல்லுக்கு வந்து பெயர் கேட்கிறாள். சொல்கிறார்கள். "என்ன அர்த்தம்?" "யாருக்குத் தெரியும்? எப்பவும் அப்பிடித்தான்." அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பெயருக்குக் கெல்ட் வேர் தேடுகிறாள். கிடைத்தும் விடுகிறது. கட்டுரை எழுதுகிறாள். இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். சத்தமாக. சமையலறையில் அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவளும் சிரித்திருப்பாள். சிரித்து முடித்ததும் வரைபடத்தைச் சுருட்டியிருப்பாள், அடிக்க. ரோமர்களால் அழிக்க முடியாத பெயரை, பாதிரிகளால் அழிக்க முடியாத பெயரை, கடைசியில் அழித்தது அவளா? அவள் பெயரை வைத்தா?

அர்த்தத்தை உதிர்த்துவிட்டுத்தான் பெயர் நடக்கும் என்றாள். இங்கே அர்த்தம் அவள். ஆரஞ்சு உரித்த கை. ஒழுகும் மூக்கு. பெயர் அச்சில் ஏறினால், அது போகப்போக இவை எல்லாம் உதிரும். அந்த இடத்தின் பெயராக அவள் மிஞ்சுவது, அவள் யாரென்று யாருக்கும் தெரியாமல் போனபிறகுதான்.

மூன்றாவது. அவன் உளியை எடுத்துக்கொண்டு போய்த் துவைகல்லில் அவள் பெயரைச் செதுக்குகிறான். வரைபடத்துக்குப் பழைய பெயர், கல்லுக்கு அவள் பெயர். வாசகர்கள் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால் செதுக்கிய கல் அவளுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, கோயிலுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தில். இன்னொன்று வேண்டாம்.

10

வெள்ளிக்கிழமை. காலை. மழை விட்டிருக்கிறது. சமையலறை மேசை. தொலைபேசி ஒலிக்கிறது, சபேலாவாகத்தான் இருக்கும். அன்ஷோ அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதற்குமேல் அவனை நகர்த்த எனக்கு மனமில்லை. உலகத்தில் அந்தப் பழைய சொல்லை ஒரு வாயிலிருந்து கேட்டுக் கற்றவன் அவன் ஒருவன்தான் மிச்சம். கொஞ்ச நேரம் அதை வாய்க்குள் வைத்திருக்கட்டும்.

நீங்கள் எடுங்கள்.

சபேலா கேட்பாள், அந்தத் தண்ணீருக்கு என்ன பெயர் என்று. இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். பதில் சொல்ல உங்களால் முடியும். ஆனால் உங்களுக்கு ஒரு பெயர்தான் தெரியும். இன்னொன்றை நான் எழுதவே இல்லை. முதல் பக்கத்திலிருந்தே அப்படிப் பார்த்துக்கொண்டேன். தலைப்பைக்கூட எப்போதோ வைத்துவிட்டேன்.

இல்லை, அந்த இன்னொரு பெயர்தான் வேண்டும் என்றால், வரைபடத்தில் தேடாதீர்கள். லோரேதாவுக்கு வாருங்கள். பல்பினாவின் கடையில் ஒரு காபி சொல்லுங்கள். துணி துவைக்கும் தொட்டிக்கு எப்படிப் போவது என்று கேளுங்கள். முதலில் உங்களுக்கு என்ன அவசரம் என்பார்கள். அப்புறம் ஏதாவது தப்பான பெயரைச் சொல்லுங்கள்.

உடனே திருத்துவார்கள். அவள் பெயரை மட்டும். கூட வேறொன்றும் சேர்க்காமல்.